பத்தொன்பது மைக்ரோவோல்ட்

உலோக நலக் கழகத்தின் வாசலில், காவலர் அறையை ஒட்டிய சுவரில், ஓர் இரும்புப் பெட்டி பதித்திருந்தார்கள். அதில் நாற்பது சிறிய அறைகள், நாற்பது சாவிகள். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் கைபேசியை அதில் வைத்துப் பூட்டி, சாவியைக் காவலரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு முன்னால் பெட்டியைத் திறக்க இயக்குநரின் எழுத்துமூல அனுமதி தேவை. கழகத்தின் கருவிகள் அவ்வளவு நுட்பமானவை, ஒரு கைபேசி சிணுங்கினாலும் மீட்டரில் எண்கள் தடுமாறிவிடும் என்று விதி சொன்னது. விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. இயக்குநரின் அறையில் இருந்த மூன்று கைபேசிகளைப் பற்றி மட்டும் விதி ஒன்றும் சொல்லவில்லை.

மீட்டர்காரர் இருபத்தாறு வருடங்களாக அங்கே வேலை பார்த்தார், கைபேசி வாங்கிய நாளிலிருந்து அதைப் பதினேழாம் எண் அறையில் வைத்துவந்தார். அவருக்கென்று ஒரு பதவிப் பெயர் இருந்தது. அது இரண்டு வரி நீளம் என்பதால் யாரும் சொல்வதில்லை. வாசல் காவலரிலிருந்து இயக்குநர்வரை எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர்தான்.

அவருடைய வேலையைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஓர் இரும்புப் பட்டையில் மின்சாரத்தை விட்டால் அது நேராகப் போகும். நடுவில் விரிசல் இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழி ஒடுங்க ஒடுங்க, பட்டையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மின்னழுத்தம் கூடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட மீட்டருக்குத் தெரிந்துவிடும். கூடுவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பங்குதான், அப்படி ஒரு பங்குக்குப் பெயர் மைக்ரோவோல்ட். இதை அவர் தன் மகளுக்கு அவளது ஏழு வயதில் சொல்லிக்கொடுத்தபோது, "சுத்திப் போறதுக்குள்ள மின்சாரத்துக்குக் கால் வலிக்குமாப்பா?" என்று கேட்டாள். கழகத்தில் யாரும் அவரிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

அந்த மகள் வளர்ந்து கோபுர கிரேன் ஓட்டுகிறவளாக ஆனாள். பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், நாற்பது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அவளுக்கு இருக்கை. கீழே வேலை செய்கிறவர்கள் அவளை மாடிவீட்டம்மா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் உச்சி குளிர்ந்துபோகும். அம்மா இறந்து எட்டு வருடங்கள் ஆகின்றன. வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் சமையல். அவர் சமைக்கிற நாளில் அவள் சாப்பாட்டை வாயில் வைத்து, கண்ணை மூடி, "இதுல உப்பு எத்தனை மைக்ரோகிராம்ப்பா?" என்பாள்.

கிரேனின் நீண்ட கையைக் கோபுர உச்சியிலிருந்து பிடித்து நிறுத்துவதற்கு எஃகில் பட்டைகள் உண்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் அவற்றில் ஒன்றில், முளை மாட்டுகிற ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரு கீறல் தெரிந்தது. புதுப் பட்டை வர நான்கு மாதம் ஆகும், கழகத்தின் சான்றிதழ் வர ஏழு நாள் ஆகும். ஆகவே கட்டடக் கம்பெனி சான்றிதழைத் தேர்ந்தெடுத்தது. பட்டையில் நான்கு மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து, கோபுரம் வழியாகத் தரைவரை இறக்கினார்கள். திங்கள்தோறும் மீட்டர்காரர் போய், இரண்டு கம்பிகளில் பத்து ஆம்பியர் மின்சாரத்தை விட்டு, மற்ற இரண்டில் மின்னழுத்தத்தை அளந்துகொண்டு வருவார். அளக்கிற ஐந்து நிமிடமும் அவள் கிரேனை நிறுத்திவிட்டு மேலிருந்து கையசைப்பாள். கீழேயிருந்து பார்த்தால் அந்தக் கை ஒரு நகத்தளவு இருக்கும். அவரும் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொள்வார்.

ஆரம்பத்தில் இருபது மைக்ரோவோல்ட். பல வாரங்கள் இருபதேதான். பிறகு இருபத்தொன்று, இருபத்துமூன்று, போன திங்கள் இருபத்தேழு. இந்தத் திங்கள் முப்பத்தெட்டு.

அவர் கம்பிகளைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினார். முப்பத்தெட்டு. மேலே பார்த்து, இரண்டு கைகளாலும் இறங்கு இறங்கு என்று சைகை காட்டினார். அவள் ஏணியில் இறங்கி வரப் பத்து நிமிடம் ஆனது.

"எத்தனைப்பா?"

"முப்பத்தெட்டு."

அவள் சிரிக்கவில்லை. ஏழு வயதிலிருந்து இந்த எண்களோடு வளர்ந்தவள். "பாதிக்குப் பாதி போயிடுச்சுன்னு அர்த்தம், இல்லையா?"

"நான் சொல்ற வரைக்கும் ஏறாதம்மா. யார் சொன்னாலும் ஏறாத."

"ஏறல. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் ஏறுவேன். போதுமா?"

அவள் நேராக சைட் மேனேஜரிடம் போய், கிரேன் ஓடாது என்றாள். ஏன் என்று கேட்டார். எங்கப்பா சொல்லிட்டார் என்றாள். "உங்கப்பா சொன்னாப் பத்தாதும்மா. உங்கப்பா ஆபீஸ் சொல்லணும்" என்றார் மேனேஜர். அவள் கிரேனின் அடியில் சிமென்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டாள். வேறு கிரேன் ஓட்டுகிறவர்களை வரவழைத்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் அவள் முப்பத்தெட்டு என்ற எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஒரு கட்டடம் முழுக்க அவளுக்காக நின்றது.

அன்று சாயங்காலம் அவளுடைய சமையல். சாப்பிடும்போது அவர் கவலையாகவே இருந்ததால், அவள் பழைய கதையை எடுத்தாள். ஆறாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டு, மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தை அவளே போட்டு மாட்டிக்கொண்ட கதை. அவர் கையெழுத்துக்கு ஒரு வால் உண்டு. பெயரின் கடைசி எழுத்திலிருந்து கிளம்பி, முழுப் பெயருக்கும் அடியில் ஓடி, முன்பக்கம் வந்து ஒரு வளைவு வளைந்து நிற்கும். எழுத்தெல்லாம் சரியாகப் போட்ட அவளுக்கு அந்த வால் மட்டும் வரவில்லை. டீச்சர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

"எத்தனை நோட்டு தீர்த்திருப்பேன் தெரியுமா? அந்த வால் மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது. அது வால் இல்லப்பா, கிரேன் கொக்கி. உங்க கையெழுத்தை எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

"வெட்கமில்லாம இதை வேற பெருமையாச் சொல்லு" என்றார் அவர். ஆனாலும் சிரித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கழகத்தில் அவசரக் கூட்டம் கூடியது. அவசரக் கூட்டம் என்பதால் பதினொரு மணிக்குச் சொன்னது இரண்டு மணிக்கே தொடங்கிவிட்டது. இயக்குநர், துணை இயக்குநர், விரிசல் பிரிவுத் தலைவர், இவர்களோடு எதற்கும் தலையாட்டுகிற நால்வர். மீட்டர்காரருக்கு நாற்காலி போடவில்லை, கூட்டத்தின் பொருளாக இருக்கிறவர் உட்காருவதற்கு விதியில் இடமில்லை.

துணை இயக்குநர் ஆரம்பித்தார். "முப்பதுதான் வரம்பு. அதுக்கு மேல ஒரு எண் வந்தா ஆறாம் படிவத்துல எழுதணும். ஆறாம் படிவம் நாம இதுவரைக்கும் அச்சடிச்சதே இல்ல. இல்லாத படிவத்துல எழுத வேண்டிய எண்ணை நீங்க எப்படி அளந்தீங்க?"

"மீட்டர்ல வந்துச்சு சார்."

"அந்த கிரேன்ல வேலை செய்யறது உங்க பொண்ணுன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா சார்."

"அப்போ இந்த அளவுல பாசம் கலந்திருக்கு. பெத்த மனசு, நாலு மைக்ரோவோல்ட் கூடத்தான் காட்டும்."

"எனக்குத்தான் சார் பொண்ணு. மீட்டருக்குப் பொண்ணு கிடையாது."

தலையாட்டுகிற நால்வரில் ஒருவர் தவறிப்போய் இதற்கும் தலையாட்டிவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார்.

விரிசல் பிரிவுத் தலைவர் தொண்டையைச் செருமினார். கழகத்தில் விரிசல் என்ற சொல்லைப் பயன்படுத்தும் உரிமை அவர் பிரிவுக்கு மட்டும்தான் இருந்தது. மீட்டர்காரரின் பிரிவு 'மின்னழுத்த உயர்வு' என்று மட்டும்தான் எழுதலாம்.

"ஒரு விரிசலை நாங்க ஏத்துக்கணும்னா அது எங்க மேசைக்கு வரணும். லென்ஸ் வெச்சுப் பார்ப்போம். அந்தப் பட்டையைக் கழட்டிக் கொண்டு வாங்க."

"கழட்டினா கிரேனோட கை அப்படியே விழுந்துடும் சார். அந்தப் பட்டைதான் அதைத் தாங்கிக்கிட்டிருக்கு."

"பாத்தீங்களா?" என்று அவர் மற்றவர்களைப் பார்த்தார். "அவ்வளவு பெரிய கையைத் தாங்கிக்கிட்டிருக்கு. அதுல எங்க இருக்கு விரிசல்?"

கடைசியில் இயக்குநர் எழுந்தார். அவருக்குப் பேச்சு நன்றாக வரும்.

"இந்தக் கழகம் தொடங்கி முப்பத்தொரு வருஷம் ஆகுது. இந்த முப்பத்தொரு வருஷத்துல நாம ஒரு விரிசலைக்கூடக் கண்டுபிடிச்சதில்ல. ஒண்ணே ஒண்ணு கூட. இந்தப் பெருமை வேற எந்தக் கழகத்துக்கு உண்டு? நம்மகிட்ட வந்த எந்தப் பொருளும் நம்ம கோப்புக்குள்ள இருக்கிற வரைக்கும் உடைஞ்சதில்ல. வெளிய போய் உடைஞ்சிருக்கலாம். அது வெளிய இருக்கிறவங்க பொறுப்பு. எண்ணைப் பார்த்துப் பயப்படறவர் அளவு எடுக்கக் கூடாது. இரும்பு நம்மளை நம்பி வந்திருக்கு. நாம அதைச் சந்தேகப்படலாமா?"

நால்வரும் தலையாட்டினார்கள். மறுபடி அளக்க வேண்டும் என்று கூட்டம் தீர்மானித்தது. வெளியே வந்து நடைவழியில் நின்றபோதுதான், மூன்று மணி நேரமாக எதையும் சாப்பிடவில்லை, உட்காரவும் இல்லை என்பது மீட்டர்காரருக்கு உறைத்தது. இதில் எந்த இடத்தில் தான் தவறாகப் பேசினோம் என்று யோசித்துக்கொண்டே போனார். பாவம், அவர் எந்த இடத்திலும் தவறாகப் பேசவில்லை.

புதன்கிழமை காலை ஒரு சுற்றறிக்கை வந்தது. அதற்கும் கிரேனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த வாரம் மின்சிக்கன வாரம். நடைவழியில் ஒன்றுவிட்டு ஒன்று விளக்கை அணைத்தார்கள், மின்விசிறிகளைப் பாதி வேகத்தில் வைத்தார்கள். சுற்றறிக்கையின் ஏழாம் வரி, அளவீட்டுக் கருவிகள் அனைத்தும் வழக்கமான மின்சாரத்தில் பாதியையே பயன்படுத்த வேண்டும் என்றது.

மீட்டர்காரர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு துணை இயக்குநரிடம் ஓடினார். "சார், பத்து ஆம்பியருக்குப் பதிலா அஞ்சு விட்டா, எண்ணும் பாதிதான் வரும்."

"அப்படி வந்தாத்தானே அதுக்குப் பேரு சிக்கனம்?"

"பட்டை அப்படியேதான் சார் இருக்கும். எண் மட்டும்தான் குறையும்."

"நமக்கு எண்தானே வேணும். பட்டை எதுக்கு?" என்றார் துணை இயக்குநர். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

அளப்பதற்குக் கிரேனடிக்கு அவரே கூட வந்தார். மகள் சிமென்ட் மூட்டையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். ஐந்து ஆம்பியர். மீட்டர் பத்தொன்பது என்று காட்டியது.

"பத்தொன்பது" என்று துணை இயக்குநர் மெதுவாகச் சொன்னார். அவர் குரல் தழுதழுத்தது. "ஆரம்பத்துலயே இருபதுதானே இருந்துச்சு?"

"சார், ஆம்பியர் எத்தனைன்னு படிவத்துல எங்க எழுதறது?"

"அதுக்குக் கட்டம் இல்லையே."

படிவத்தைத் திருப்பிப் பார்த்தார் மீட்டர்காரர். இருபத்தாறு வருடமாக நிரப்பிய படிவம். எப்போதும் பத்து ஆம்பியர் என்பதால் அதற்கு ஒரு கட்டம் வேண்டும் என்று அவருக்கும் தோன்றியதில்லை. நிஜமாகவே கட்டம் இல்லை. ஓரத்தில் சிறிதாக எழுதப் பார்த்தார், ஓரத்தில் எழுதினால் படிவம் செல்லாது என்று துணை இயக்குநர் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

மகள் அப்பாவின் காதருகே வந்தாள். "இது பித்தலாட்டம்தானேப்பா?"

"ஆமாம்மா. நான் பாத்துக்கறேன். நீ ஏறாத."

அன்று மாலைக்குள் கழகத்தின் கண்காணிப்பில் இருந்த எல்லாப் பொருள்களின் எண்களும் பாதியாகிவிட்டன. குழாய்கள், கொதிகலன்கள், தண்டவாளத் துண்டுகள் எல்லாம் குணமாகிக்கொண்டிருந்தன. இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, இரும்பின் மேல் நாம் வைத்த நம்பிக்கைக்கு இரும்பு பதில் சொல்லிவிட்டது என்றார். தான் பிறந்தபோது இருந்ததைவிட ஆரோக்கியமாகிவிட்ட அந்த கிரேன் பட்டையை முதல் உதாரணமாகக் காட்டினார். மீட்டர்காரரின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை சான்றிதழ் கையெழுத்துக்கு வந்தது. போட மாட்டேன் என்று அதைப் படிவக்காரம்மாவின் மேசையில் வைத்தார் மீட்டர்காரர். படிவக்காரம்மா கழகத்தின் படிவங்கள் அத்தனையையும் கையில் வைத்திருந்தவர். நல்ல மனுஷி. அவர் ஒருவர்தான் விஷயத்தை முழுவதும் காது கொடுத்துக் கேட்டார்.

"ஆட்சேபம் எழுதிக் குடுங்கய்யா. பன்னிரண்டாம் படிவம். அது போனா வெளியிலேருந்து ஆள் வந்து பட்டையைப் பார்த்தே ஆகணும். யாராலயும் தடுக்க முடியாது."

"குடும்மா, இப்பவே எழுதறேன்."

"அதுல சான்றிதழ் எண் கேக்கும். கையெழுத்தானாத்தான் சான்றிதழுக்கு எண் விழும்."

"நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டாத்தான், நல்லா இல்லன்னு சொல்ல முடியுமா?"

"ஆமாங்கய்யா. இல்லாத சான்றிதழை எப்படி ஆட்சேபிக்கிறது? இன்னொண்ணு, கையெழுத்துப் போட்டவருக்குத்தான் ஆட்சேபிக்கிற உரிமை. நீங்க போடலேன்னா பத்து மணிக்கு அடுத்த பிரிவு ஆளை விட்டுப் போடச் சொல்லியிருக்காங்க. அவர் ஆட்சேபிக்க மாட்டார்."

மீட்டர்காரர் அந்தத் தாளை மறுபடி கையில் எடுத்தார். "இதுல நான் போட்டேன்னா, இந்தக் காகிதம் எப்போ வெளிய போகும்?"

"ஏழு நாள். பதிவேட்டுல ஏறணும், முத்திரை விழணும், உறை எழுதணும். ஏழு நாளைக்கு முன்னாடி இங்கேருந்து எதுவும் வெளிய போனதில்ல. உங்க ஆட்சேபம் உள்ளுக்குள்ளதானே போகுது, ரெண்டே நாள்ல மேல போயிடும்."

இருபத்தாறு வருடமாக அந்தக் கழகத்தின் சோம்பலால் நொந்துபோயிருந்த மனிதர், அன்றைக்கு அந்தச் சோம்பலை நம்பினார். கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்திலிருந்து வால் கிளம்பி, பெயருக்கடியில் ஓடி, வளைந்து நின்றது. எண் விழுந்தது. அந்த எண்ணைப் போட்டு, மை காய்வதற்குள் பன்னிரண்டாம் படிவத்தையும் நிரப்பி, அதிலும் அதே கையெழுத்தைப் போட்டார். மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று வாசல்வரை போனார். பெட்டியைத் திறக்க அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு இயக்குநர் வேண்டும், இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். ஏழு நாள் இருக்கிறது, சாயங்காலம் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தார்.

அப்படி நினைத்த அந்த ஒரு நிமிடத்தை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பதினொரு மணிக்கு இயக்குநர் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். குணமான பட்டையின் சான்றிதழ் தயார் என்று துணை இயக்குநர் சொன்னார். இயக்குநருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பதிவேடு பிறகு ஆகட்டும், உறை வேண்டாம், என் காரிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக உலோக நலக் கழகம் ஒரு காரியத்தை ஒரே மணி நேரத்தில் செய்துமுடித்தது.

மாலை ஐந்து மணிக்கு மீட்டர்காரர் வாசலுக்கு வந்தபோது காவலர் எழுந்து நின்றார். அப்படி அவர் எழுந்து நிற்பதில்லை.

"மத்தியானத்துலேருந்து உங்க அறைக்குள்ள அடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. திறக்க எனக்கு அதிகாரம் இல்ல. உள்ள வந்து சொன்னேன், எழுதிக் குடுங்கன்னு சொல்லிட்டாங்க."

பதினேழாம் எண் அறையைத் திறந்தார். மகளிடமிருந்து மூன்று அழைப்புகள், பன்னிரண்டு மணியை ஒட்டி. பிறகு அவளுடைய குரல்பதிவு ஒன்று. மூன்றேகாலுக்குப் பிறகு சைட் மேனேஜரிடமிருந்து பதினோரு அழைப்புகள். அவர் முதலில் மகளின் குரலைக் கேட்டார்.

"அப்பா, உங்க போன் பெட்டிக்குள்ள இருக்கும்னு தெரியும், இருந்தாலும் அடிச்சுப் பாத்தேன். உங்க ஆபீஸ்லேருந்து சான்றிதழ் வந்திருக்கு, கார்ல. நான் நம்பல. போலிக் கையெழுத்தா இருக்கும்னு மேனேஜர்கிட்ட சண்டை போட்டேன். அப்புறம் வாங்கி வெளிச்சத்துல வெச்சு வாலைப் பாத்தேன். உங்களுதுதான். யாராலயும் அதைப் போட முடியாது, எனக்குத் தெரியாதா? அப்போ நீங்க மறுபடி அளந்து சரி பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். நாலு நாளா எல்லாரும் எனக்காக சும்மா உக்காந்திருக்காங்க. நான் ஏறிடறேன்ப்பா. இன்னிக்கு உங்க சமையல், ஞாபகம் இருக்கட்டும். உப்பு பாத்துப் போடுங்க."

மேனேஜரைத் திருப்பிக் கூப்பிட அவருக்கு விரல் வரவில்லை. காவலர்தான் கைபேசியை வாங்கி எண்ணை அழுத்திக் கொடுத்தார்.

கழகத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. அன்றைக்கு அவருக்கு நாற்காலி போட்டார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசினார். "இது நம்ம குடும்பத்துல நடந்த சாவு. ஒண்ணு மட்டும் சொல்லி நான் ஆறுதல் அடையறேன். அந்தப் பட்டை விழற நொடி வரைக்கும் விழவே இல்ல. நம்ம சான்றிதழ் அந்த நொடி வரைக்கும் செல்லுபடியா இருந்துச்சு." நால்வரும் தலையாட்டினார்கள். துணை இயக்குநர் நிஜமாகவே அழுதார். அதுதான் மீட்டர்காரருக்கு இன்னும் தாங்க முடியாததாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவருடைய ஆட்சேபத்துக்குப் பதில் வந்தது. ஆட்சேபம் முறையாக எழுதப்பட்டிருப்பதாகவும், அதில் நியாயம் இருப்பதாகவும், பொருள் தற்போது பயன்பாட்டில் இல்லாததால் மேற்கொண்டு நடவடிக்கை தேவைப்படவில்லை என்றும் அதில் இருந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் அன்றைக்கு அவள் சமைக்க வேண்டிய நாள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கணக்கை அவர் விடவில்லை. அவளுடைய நாள்களில் அடுப்புப் பற்றவைப்பதில்லை, தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

ஒரு மாதம் கழித்து உடைந்த பட்டை ஆய்வுக்கு வந்தது. முதலில் விரிசல் பிரிவுக்குத்தான் போனது. பிரிவுத் தலைவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இது விரிசல் இல்ல, முறிவு. முறிவுக்கு நம்மகிட்ட பிரிவு கிடையாது" என்று திருப்பி அனுப்பினார். கம்பிகள் பற்றவைத்திருந்ததால் அது மின்னழுத்தப் பொருள் என்று முடிவாகி, மீட்டர்காரரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லலாமா என்று படிவக்காரம்மா கேட்டார். வேண்டாம் என்றார்.

இரண்டு துண்டுகள். அவர் முறிந்த முகத்தை விளக்கருகில் கொண்டுபோனார். ஒரு பாதி பழுப்பாக, துருவேறிக் கிடந்தது. விரிசல் வாரக்கணக்கில் தின்றுகொண்டு வந்த பாதி அது, அதன் மேல் வரிவரியாக அடையாளம் இருந்தது. மறு பாதி புத்தம்புதிதாகப் பளபளத்தது. அந்த வியாழக்கிழமை மூன்று மணிவரை அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது இந்தப் பளபளப்பான பாதிதான். அவர் அதை விரலால் ஒருமுறை தடவினார். கூராக இருந்தது. இந்த இரும்பாவது முடிந்தவரை பிடித்துக்கொண்டிருந்தது, நான் கையெழுத்தல்லவா போட்டேன் என்று நினைத்தபோது, அத்தனை நாள் வராத அழுகை வந்தது. அந்த அறையில் யாருமில்லாததால் வாய்விட்டு அழுதார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு துண்டுகளை மேசையில் வைத்தார். நடுவே ஒரு விரல் இடைவெளி. கம்பிகளை மாட்டி மின்சாரத்தை விட்டார். போக வழியில்லாததால் கருவி தானாகவே அணைந்தது. மீட்டர் சுழியம் காட்டியது.

துணை இயக்குநர் எட்டிப் பார்த்தார். "சுழியமா? வரம்பு முப்பது. இதைவிட நல்ல அளவு இதுவரைக்கும் நமக்கு வந்ததே இல்லையே" என்று வழக்கம்போல் ஆரம்பித்தவர், மீட்டர்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, படிவத்தை நிரப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

படிவத்தின் கடைசிக் கட்டம், பொருளில் மின்னழுத்த உயர்வு உள்ளதா என்று கேட்டது. இல்லை என்று எழுதினார். அது உண்மைதான். கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது. கையெழுத்து, கழகத்தில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தவில்லை. அவர் மறுபடி போட்டு அனுப்பினார். மறுபடி வந்தது. அப்படியே இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் கோப்பு மூடப்படவில்லை. மூடப்படாததால் அந்தப் பட்டை இன்னும் கண்காணிப்பில் இருக்கிறது. திங்கள்தோறும் அவர் கம்பிகளை மாட்டி, சுழியம் என்று எழுதுகிறார். மாட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் தலையைத் தூக்கி, கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

போன வாரம் படிவக்காரம்மா தாளை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்தார். "பெயரெல்லாம் சரியாத்தான் இருக்குங்கய்யா. அடியில அந்த வால் மட்டும்தான் இல்ல. அதை மட்டும் ஒரு இழு இழுத்துடுங்களேன். கோப்பை மூடிடலாம்."

அவர் பேனாவை வாங்கினார். நிஜமாகவே போடத்தான் பார்த்தார். கடைசி எழுத்துவரை வந்த கை அங்கேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பேனாவை மூடி அந்த அம்மாவிடமே கொடுத்தார்.

"எனக்கு வரவே மாட்டேங்குதும்மா" என்றார்.